பச்சைப் பொத்தான்

ஓசூர் சிப்காட்டில் சுவிட்சுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஊழியர்கள் அனைவரும் தத்தம் கல்விக்குத் தாங்களே பொறுப்பேற்று, யாருடைய தூண்டுதலும் இன்றி, சொந்த விருப்பத்தின் பேரில் கற்க வேண்டும் என்று உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. விருப்பம் இல்லாதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. கற்பதற்கென்று எல்லாருடைய கைப்பேசியிலும் கம்பெனியே ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தது.

பேக்கிங் பிரிவில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் அனிதாவுக்கு இதைக் கேட்டு மனம் குளிர்ந்தது. காரணம், ஒரு நாற்காலி.

சரக்கு அனுப்பும் அறையில் அது இருந்தது. சுழலும், உருளும், முதுகுக்குச் சாய்மானமும் உண்டு. கர்நாடகத்துக் கடைக்காரர்கள் கன்னடத்தில் எழுதியனுப்பும் சீட்டுகளைப் படித்து, எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏற வேண்டும் என்று சொல்பவர் அதில் உட்காரலாம். உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். பொழுதெல்லாம் நின்றுவிட்டு வீட்டில் சுவர்மேல் காலைத் தூக்கி வைத்துப் படுக்கிற அனிதா, அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் சன்னிதியைக் கடப்பவள்போல ஒரு கணம் நிற்பாள்.

அவளுக்குக் கன்னடம் படிக்க வரும். பேச்சு தெருவிலேயே வந்தது. எழுத்து, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்தது. கம்பெனி வண்டிக்காகக் காத்திருக்கையில், பெங்களூர் பஸ் கண்டக்டர்கள் கூவுகிற ஊர்ப் பெயர்களைப் பலகையில் உள்ள எழுத்துகளோடு ஒட்டி ஒட்டிப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டாள்.

மனிதவள அதிகாரி பிரதாப்பிடம் போய், தனக்குக் கன்னடம் படிக்க வரும், அந்த இடத்தைத் தரலாம் என்று சொன்னாள்.

"கன்னடம் யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்ல சார். நானே கத்துக்கினேன்."

"நீங்களேன்னா? நம்ம ஆப்லயா?"

"பஸ் போர்டுல சார்."

பிரதாப் வருத்தமாகத் தலையசைத்தார். "அது அங்கீகரிக்கப்படாத சுயகற்றல் ஆச்சேம்மா. எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்குக் கத்துக்க ஆரம்பிச்சிட்டா, சுயகற்றல் என்ன ஆகறது?"

"அப்ப நான் இன்னா சார் பண்றது?"

"ஆப்ல கன்னடத்த மொதல்லேருந்து கத்துக்குங்க. ஆரம்பத்துல 'எனக்கு இந்த மொழி தெரியாது'ன்னு வரும். அத அழுத்துங்க."

"தெரியுமே சார்."

"தெரிஞ்சா எப்படிம்மா கத்துக்க முடியும்?"

யோசித்துப் பார்த்தாள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. "தெரியாது" என்பதை அழுத்தினாள்.

வேலை நேரத்தில் கைப்பேசிகள் பெட்டிக்குள் பூட்டப்படும் என்பதால், சுய விருப்பத்துக்கான நேரம் மதியச் சாப்பாட்டு இடைவேளை என்று நிர்ணயிக்கப்பட்டது. கற்பவர் தூங்கிவிடக் கூடாதே என்று செயலி அடிக்கடி "நீங்கள் இருக்கிறீர்களா?" என்று கேட்கும். "இருக்கிறேன்" என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். தவறினால் பாடம் முதலுக்கே போய்விடும். சாம்பார்க் கையால் அழுத்தினால் அது ஏற்பதில்லை.

பேக்கிங் பிரிவே அரை வயிற்றோடு எழுந்து போனது. கூட வேலை பார்க்கும் முனிலட்சுமிதான் வழி கண்டுபிடித்தாள். "அக்கா, எல்லா போனையும் வரிசையா வெச்சிட்டு ஒருத்தி அழுத்தினா போதாதா? உனுக்குத்தான் பேக்கிங்லயே கை வேகம். நீ அழுத்து. நாங்க சாப்பிட்டு வந்து மாத்தி உடறோம்."

அன்று முதல் கேன்டீனில் பெண்கள் சாப்பிட்டார்கள். கைப்பேசிகள் யாருடைய தூண்டுதலும் இன்றிப் படித்தன. ஒன்று ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிப் பழகியது. இன்னொன்று நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று கற்றது. அனிதா வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடி, எல்லாரும் இருப்பதை உறுதிசெய்தாள். சான்றிதழ்கள் குவிந்தன. கூட்டிப் பெருக்கும் ரங்கம்மா தரவுப் பகுப்பாய்வில் தேறிவிட்டாள்.

"அதுல இன்னா படிச்ச ரங்கம்மா?" என்று அனிதா கேட்டாள்.

"எனுக்கு எப்டிடி தெரியும்? போனக் கேளு!"

அனிதாவின் கைப்பேசியும் வரிசையில்தான் இருந்தது. ஆனால் மற்றவர்களுக்கு அழுத்திவிட்டு வருவதற்குள் அவளுடைய கன்னடப் பாடம் மறுபடியும் "அ"வுக்குப் போயிருக்கும். நாற்காலி காலியாகவே கிடந்தது.

ஒரு நாள் பிரதாப் கேன்டீனுக்குள் நுழைந்தார். முனிலட்சுமி தன் கைப்பேசியைத் தட்டுக்கு அடியில் தள்ளினாள். பிரதாப் வரிசையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தார்.

"ஆபீசர்ங்களுக்கும் கட்டாயம்மா. 'நேர்மையான தலைமை'ன்னு ஒரு பாடம். ரொம்ப நீளமா போகுது." போகத் திரும்பியவர் நின்றார். "ஆமா, நின்னுக்கிட்டா அழுத்தறீங்க?"

மறுநாள் சரக்கு அறையின் நாற்காலி கேன்டீனுக்கு உருட்டிவரப்பட்டது. அனிதா சுயகற்றல் வழிநடத்துநராக நியமிக்கப்பட்டாள். இனி பேக்கிங் இல்லை. முதல் தடவை முதுகு சாய்ந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லா ஷிப்டுகளின் கைப்பேசிகளும் அவளிடம் வந்தன.

சரக்கு அறையில் லாரிக்காரர்களே குத்துமதிப்பாகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டார்கள். மைசூரு சுவிட்சுகள் மங்களூருக்குப் போயின. புகார்க் கடிதங்கள் கன்னடத்தில் வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. புகாரே இல்லை என்று நிர்வாகம் பெருமைப்பட்டுக்கொண்டது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து பேக்கிங்குக்குப் புதிதாக வந்திருந்த காவியா ஒரு மதியம் அனிதாவிடம் வந்தாள்.

"அக்கா, டெஸ்பாட்ச்ல எடம் காலியாமே? எனக்குக் கன்னடம் படிக்க வரும்க்கா. எச்.ஆர். சார்கிட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா?"

"யாரு சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லக்கா. கடை போர்டுங்களப் பாத்து நானே."

அந்தப் பெண் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள். அப்படிக் கால் மாற்றி நிற்பது ஏன் என்று அனிதாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை கிடைத்துவிடும். வேலை கிடைத்தால் உட்கார நாற்காலி வேண்டும். கம்பெனியில் உருளும் நாற்காலி ஒன்றுதான்.

அனிதா கைப்பிடியை இறுகப் பற்றினாள். வருத்தமாகத் தலையசைத்தாள்.

"கடை போர்டா? அது அங்கீகாரம் இல்லாததாச்சே கண்ணு. 'தெரியாது'ன்னு அழுத்திட்டு, போன அந்த வரிசையில வெச்சிட்டுப் போ."

கோடியில் ஒரு கைப்பேசி, நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்டது. எழுந்திருக்காமலே, காலால் தரையை உந்தி, நாற்காலியோடு உருண்டு போய் அனிதா பச்சையை அழுத்தினாள்.