மாப்பிள்ளைக் காலும் கல்லுப்பும்

எனக்கு மலையாளம் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. தமிழைக் கொஞ்சம் மூக்கால் பேசினால் மலையாளம், அவ்வளவுதானே என்று மதுரையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரி மிளகு மண்டிக்கு வேலைக்கு வந்தேன். (திமிர்தான், வேறென்ன.)

அங்கேயே தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண் கோமதியை எனக்கு நிச்சயம் செய்தார்கள். அந்த மிதப்பில், எர்ணாகுளத்திலிருந்து வந்த படகு நிற்பதற்கு முன்பே படகுத்துறையில் குதித்தேன். பின்னங்காலில் யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது. திரும்பி, மீன்கூடையோடு இருந்த ஒருவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், அவர் இன்னும் படகிலேயேதான் உட்கார்ந்திருந்தார். அறுந்தது என் குதிகால் தசைநார்.

ஆபரேஷன் செய்து தைத்தார்கள். மாவுக்கட்டைப் பிரித்தபோது கெண்டைக்கால் இருந்த இடத்தில் ஒரு முருங்கைக்காய் இருந்தது. கோமதியின் அப்பா வந்து பார்த்துவிட்டு, "கால் சரியாகட்டும், பின்னே கல்யாணம் பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பின்னே' எப்போது என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அம்மாள், "திவசவும் ராவிலெயும் வைகிட்டும் உப்பூற்றி பொக்கணம், கேட்டோ" என்றார். செய்து காட்டட்டுமா என்றும் கேட்டார். "வேண்டா, மனசிலாயி" என்றேன் கெத்தாக. உப்பு ஊற்றிப் போக்கணும். வலியைத்தான் போக்கச் சொல்கிறார். இதில் புரியாமல் என்ன இருக்கிறது? அன்று முதல் காலையும் மாலையும் வெந்நீரில் கல்லுப்பைக் கொட்டிக் காலை ஊறப்போட்டேன். பலன் தெரியவில்லை என்றதும் உப்பைக் கூட்டினேன். ஊறுகாய் மாங்காய்க்குக்கூட அவ்வளவு போட மாட்டார்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது கோமதியின் அப்பாவும் கூடவே வந்தார். டாக்டர் வாயால் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி.

"உப்பூற்றி பொக்கிக்கே" என்றார் டாக்டர்.

"இங்கேயா டாக்டர்? வாளி வேணுமே."

"எந்தினா வாளி?"

"உப்புத் தண்ணிக்கு. ரெண்டு வேளையும் தவறாம ஊற வைக்கிறேன்."

டாக்டர் என் வருங்கால மாமனாரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"உப்பூற்றின்னா குதிகாலாக்கும். பொக்குன்னா தூக்கு. குதிகாலைத் தூக்கி விரலிலே நிக்கச் சொல்றார்" என்றார் மாமனார்.

தூக்கிப் பார்த்தேன். குதிகால் தரையை விடுவேனா என்றது. கல்யாணம் போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, தையல் நன்றாகக் கூடியிருக்கிறது, இனியாவது பயிற்சி செய்தால் சதை ஏறிவிடும் என்றார்.

கோமதியின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரை.

"அப்போ கல்யாணத்தை நடத்திடலாம். மாப்பிள்ளைக்குக் காலிலே குறையில்லை. காதிலேயாக்கும்."

இப்போதும் கோமதி ஒன்று வாங்கி வரச் சொல்லி, நான் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் பிள்ளைகள் என் மேல் பாய்வார்கள். அவள் அலட்டிக்கொள்ளவே மாட்டாள்.

"எங்கப்பாவைக் குத்தம் சொல்ல முடியாது" என்பாள். "குறையைச் சொல்லித்தான் கட்டி வெச்சார்."