எண்பது குடம் காட்டிய மீட்டர்

ஒரு காட்டில், மழை வர மறந்துபோன ஒரு வருஷத்தில், வைரப்பன் என்ற உடும்பு தண்ணீர்க் குழாய்களின் மீட்டர்களைப் பராமரித்துவந்தது. முப்பது வருஷ வேலை. ஆனாலும் எங்கே எது கோணலாகப் போனாலும், தப்பு தன் மேல்தானோ என்று யோசித்து உருகுகிற சுபாவம் அதற்கு.

மலை ஊற்றிலிருந்து முயல் குடியிருப்புக்கு ஒரு குழாய் போனது. மீட்டர் மணிக்கு எண்பது குடம் என்றது. தொட்டியில் விழுந்ததோ நாற்பது. அந்தத் தொட்டியை நம்பி அறுபது குட்டிகள்.

"அண்ணே, உங்க மீட்டரை நக்கிப் பார்த்தேன். ஈரமே இல்ல," என்றது முயல்களின் தலைவி பூரணி.

உடும்பு மீட்டரைக் கழற்றிக் கழுவியது. ஒயரை மாற்றியது. குழாயில் ஒழுக்கு உண்டா என்று மூன்று நாள் முகர்ந்து திரிந்தது. எண்பது அசையவில்லை.

'இத்தனை வருஷமா நம்பரைப் பார்த்தேன். ஒருநாளாவது தண்ணியைப் பார்த்தேனா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக் குழாய்க்குள் புகுந்தது. மீட்டர் இருந்த மேட்டு வளைவில் மூச்சை அடக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாதிக் குழாய்தான் தண்ணீர்; மீதி வெறும் காற்று. மீட்டர் அளந்தது ஓட்டத்தின் வேகத்தை மட்டும். குழாய் நிரம்பித்தான் ஓடுகிறது என்று அது பாட்டுக்கு நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறது.

குழாய் எப்போதும் நிரம்பியோடும் தாழ்வான இடத்துக்கு மீட்டரை மாற்றியது உடும்பு. இப்போது நாற்பது. அன்றைக்குத்தான் அது நிம்மதியாகத் தூங்கியது.

அதிகாரி கரடி, பூரணி கொடுத்திருந்த புகாரின் கோப்பை மூடியது. "மீட்டரும் நாற்பது, தொட்டியும் நாற்பது. குறை தீர்ந்தது."

"ஐயா, தண்ணி கூடலையே?" என்றது உடும்பு.

"புகார்ல என்னய்யா இருக்கு? மீட்டரும் தண்ணியும் ஒத்துப்போகலன்னுதானே? இப்ப ஒத்துப்போகுதுல்ல? கிளம்பு."

விசாரணை முடியும்வரை தினமும் முயல்களுக்குத் தண்ணீர் சுமக்க அனுப்பியிருந்த யானையையும் கரடி நிறுத்திவிட்டது.

மூன்றாம் நாள் பூரணி வந்தது. பின்னால் உதடு வெடித்த குட்டிகள்.

"உங்க கெட்டிக்காரத்தனத்துல இடி விழ! மீட்டர் பொய் சொன்னப்ப யானை வந்துச்சு. நீங்க அதை உண்மை பேச வச்சீங்க, பிள்ளைங்க நாக்கு வறண்டு கிடக்கு. பழையபடி கெடுத்துக் குடுங்கண்ணே."

உடும்பு குட்டிகளைப் பார்த்தது. பிறகு ஸ்பேனரைப் பார்த்தது. முதல்முறையாக, தப்பு யார் மேல் என்று யோசிக்காமல், மீட்டரைக் கழற்றி மேட்டு வளைவிலேயே மாட்டியது.

எண்பது.

மறுநாள் புதுப் புகார், புது விசாரணை, அதே யானை. ஆய்வுப் படிவத்தில் 'பழுதின் காரணம்' என்ற கட்டத்தில் உடும்பு நிறுத்தி நிதானமாக எழுதியது: "இதுவரை தெரியவில்லை."

நீதி: தாகம் தீர்ப்பது ஊற்று அல்ல, முடியாத விசாரணை. ஆகவே எதையும் முழுசாகச் சரிசெய்து தொலைக்காதீர்கள்.