பானி யரினாவின் காரில் சார்ஜ் நிற்பதில்லை

"ராத்திரி நூறு காட்டுச்சு. காலையில அறுபது. மீதி நாப்பதை யார் குடிச்சிட்டுப் போனாங்க, பூனையா?" என்று கேட்டாள் பானி யரினா; அந்த ஊரில் 'பானி' என்றால் நம் 'அம்மா' மாதிரி ஒரு மரியாதைச் சொல்.

ஒரெஸ்த் தலையைச் சொறிந்தான். பழைய மின்சாரக் கார்களின் பேட்டரியைப் பிரித்து, செத்த மாட்யூலை எடுத்துவிட்டு நல்லதைப் பொருத்துவதில் லிவிவ் நகரத்தில் அவனுக்கு நல்ல பெயர். ஆனால் அந்தப் பெயர் கெடுவதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? போன குளிர்காலத்தில் ஆம்புலன்ஸ் பனியில் சிக்கிக்கொண்ட அன்று, நடந்தே வந்து பிரசவம் பார்த்து அவன் மகளை அவன் கையில் கொடுத்த மருத்துவச்சி இவள். இந்த நன்றியை எப்படித் தீர்க்கப்போகிறோம் என்று அவன் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கார் பட்டறைக்கு வந்தது.

"விட்டுட்டுப் போங்க பானி. நான் பாத்துக்கறேன்."

"சீக்கிரம் பாரு தம்பி. நான் கிராமம் கிராமமா ஓடறவ. குழந்தைங்க நேரம் பாத்துப் பிறக்கறதில்ல."

காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் இருந்த பேட்டரியை இறக்கி, மூடியைத் திறந்தான். ஒரு மாட்யூல் மட்டும் வோல்ட் இறங்கிக் கிடந்தது. மனம் குளிர்ந்தது. விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து எடுத்து வைத்திருந்ததைப் பொருத்தினான். காரைப் பட்டறையிலேயே ஓர் இரவு நிறுத்திப் பார்த்தான். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

காரை எடுத்துப்போக அவள் கணவன் மார்க்கியன் வந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வாய் வராத மனுஷர்.

"முன்னைவிட அதிகமாத் தாங்குமா?"

"தாங்கும்."

"நிஜமாவா?" என்று கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை யரினா போன் செய்தாள். "நாப்பதுதான் மிச்சம்."

பட்டறை முதலாளி போஹ்தான் காபியை உறிஞ்சினார். "ஏண்டா, ரிப்பேர் பண்ணச் சொன்னா இருந்ததையும் குறைச்சுக் கொடுத்திருக்கியே. இதுக்குத் தனித் திறமை வேணும்."

ஒரெஸ்த் காரை வரவழைத்து மறுபடி பேட்டரியை இறக்கினான். வரிசையாக ஐந்தாறு மாட்யூலை மாற்றினான். சார்ஜைக் கண்காணிக்கும் பலகையையும் மாற்றினான். நடுவில் மின்வெட்டு வந்தது; வழக்கம்போல நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலையை முடித்தான். இந்தத் தடவை மார்க்கியன் ஊறுகாய்க் காளான் ஒரு ஜாடி கொண்டுவந்தார். இவ்வளவு நல்லவர்களுக்கு உழைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரெஸ்துக்குக் கண் கலங்கியது.

மறுநாள்: "பதினெட்டு."

அன்று யரினா பால் வண்டியில், கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து கிராமத்துக்குப் போனாள். திரும்பும் வழியில் நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

"இந்தக் குழந்தை நல்ல குழந்தை, நான் வர்ற வரைக்கும் பொறுத்துக்கிச்சு. எல்லாம் அப்படி இருக்காது தம்பி. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கிராமத்து வேலையை விட்டுட்டு ஆஸ்பத்திரியிலயே உக்காந்துடுவேன். உன்மேல கோபம் இல்ல. நீ எவ்வளவு பாடுபடறேன்னு தெரியும்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இந்த நல்ல வார்த்தைதான் அவனைக் கொன்றது.

அன்று சாயங்காலம் ஒரெஸ்த் தன் சொந்தக் காரின் பேட்டரியைக் கழற்றினான். அதே ரகக் கார், ஏறக்குறையப் புதுப் பேட்டரி. அதை அப்படியே அவள் காரில் மாட்டி, ஒன்றும் சொல்லாமல் கொடுத்தனுப்பிவிட்டு, டிராம் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தான்.

"உன் மண்டையைத்தான் பிரிச்சுப் பாக்கணும்" என்றார் போஹ்தான்.

காலையில் யரினா எண்ணே சொல்லவில்லை. "கிளம்பவே மாட்டேங்குது" என்றாள்.

ஒரெஸ்த் முதல் டிராமில் அவள் அடுக்ககத்துக்குப் போனான். முற்றத்தில் கார் உயிரில்லாமல் நின்றது. பக்கத்தில் யரினா மருந்துப் பையோடு நின்றாள். மார்க்கியன் கொஞ்சம் தள்ளி நின்று தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க பானி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிட்டேன்" என்றான் ஒரெஸ்த். "என் மகளைக் கொடுத்தவங்க நீங்க. உங்களுக்கு ஒரு காரைக்கூட என்னால சரிபண்ணித் தர முடியல."

யரினா அவன் தோளைத் தட்டினாள். "விடு தம்பி. நம்ம நேரம்."

அப்போது கட்டடத்துக் கதவைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பானி தெக்லா வந்தாள். கையில் ஆவி பறக்கும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. மார்க்கியன் அவளைப் பார்த்துக் கையை அசைத்தார், கண்ணைக் காட்டினார், இருமினார். அவள் எதையும் கவனிக்காமல் தட்டை ஒரெஸ்தின் கையில் திணித்தாள்.

"நீங்கதானா அந்தக் கைராசிக்காரர்? ராத்திரி கரன்ட் போனா மார்க்கியன் இந்தக் கார்லருந்து இழுக்கற ஒயர் முன்னெல்லாம் எங்க முதல் மாடிக்குத்தான் வரும், நீங்க கை வைக்க வைக்க ஒவ்வொரு மாடியா ஏறி நேத்து நாலாவது மாடி ஃபிரிட்ஜே விடிய விடிய ஓடிச்சு, அஞ்சாவது மாடிக்காரங்க இப்ப உங்களைத்தான் நம்பியிருக்காங்க."