இந்த வார்டில் ஏழை யார்?

வார்டுக்குள் எட்டிப் பார்த்த மேலாளருக்குத் தலை சுற்றியது. டயாலிசிஸுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் கல்யாண வீட்டு ஆட்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கொத்தனார் கோட்டு போட்டிருந்தார். வீட்டு வேலை செய்யும் அம்மா பட்டில் பளபளத்தார்.

ஏழை நோயாளிகள் அதிகம் வருவதால்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. நிஜமாகவே ஏழைகள்தானா என்று நேரில் பார்க்க இன்று அதிகாரி வருகிறார். அவர் உதட்டைப் பிதுக்கினால் மானியம் நிற்கும், மெஷின்களும் நிற்கும். அப்புறம் கொத்தனாருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"யாருய்யா உங்களை இப்படி வரச் சொன்னது?"

"நீங்கதான் சார்," என்றார் தலைமை நர்ஸ். "பெரிய ஆபீசர் வர்றார், எல்லாரும் பளிச்சுனு வாங்கன்னு நேத்து நீங்கதான் சொல்லிட்டுப் போனீங்க."

மேலாளருக்கு ஆஸ்பத்திரியில் 'பதற்றம்' என்று பட்டப்பெயர். அந்தப் பெயரை அன்றும் அவர் கெடுத்துக்கொள்ளவில்லை. உடனே போய்ப் பழைய துணிக்கு மாறி வரும்படி கெஞ்சினார்.

அதற்கு வழியில்லை என்று கொத்தனார் விளக்கினார். உடுப்பெல்லாம் லாண்டரிக்காரர் ஒரு நாளைக்குக் கொடுத்தது. யார் யாரோ சலவைக்குப் போட்ட துணி. தங்கள் துணியை அவரிடம் ஈடாக வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். சாயங்காலம் இதைக் கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

"போர்வையாவது போத்திவிடுங்க சிஸ்டர்."

வார்டுப் போர்வைகள் ஈரமாகக் கொடியில் தொங்கின. ஸ்டோரில் இருந்தவை, இழுத்து மூடிய ஓட்டல் ஒன்று தானமாகக் கொடுத்த ரோஜாப்பூ வெல்வெட் போர்வைகள். போர்த்தியதும் வார்டு நட்சத்திர ஓட்டலாகிவிட்டது.

மேலாளர் தலையில் கைவைத்தார். "கொஞ்சம் வாடின மாதிரியாவது இருங்கப்பா."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கொத்தனார் லேசாக முனகினார். அவருக்கு நான் என்ன குறைச்சல் என்பதுபோல் பட்டுடுத்திய அம்மா பெரிதாக முனகினார். கடைசிப் படுக்கையை எட்டுவதற்குள் அது ஒப்பாரியாகிவிட்டது. யாருக்கு என்னவோ என்று டாக்டர் ஊசியோடு ஓடிவந்தார். அவர் பின்னாலேயே அதிகாரியும், ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவருடைய டிரைவரும் வந்துவிட்டார்கள்.

அதிகாரி வெறும் சட்டையில், வியர்த்துப்போய், காலையிலிருந்தே யார்மீதோ எரிச்சலில் இருப்பவர்போல் தெரிந்தார். பட்டையும் வெல்வெட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கொத்தனாரிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"கோட்டு நல்லாயிருக்கே. உங்களோடதா?"

போச்சு. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமாங்க. என் கல்யாணத்துக்குத் தைச்சது."

"கை நீளம் போலிருக்கே."

"அப்ப சரியாத்தாங்க இருந்துச்சு. வியாதி வந்தப்புறம் ஆளு சுருங்கிட்டேன்."

அதிகாரி சிரிக்கவில்லை. கோட்டின் கையை மெல்ல மேலே தள்ளினார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானே கோட்டுக் கையைப் பதமாக மடித்துவிட்டார்.

"கசங்காம பார்த்துக்குங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு மேலாளர் பக்கம் திரும்பினார். "மானியம் தொடரணும்னு எழுதிடறேன். நிஜமாவே இல்லாதவங்கதான்."

மேலாளருக்கு நம்ப முடியவில்லை. அதிகாரியை வழியனுப்ப வாசல்வரை ஓடியவர், அவர் காரில் ஏறியதும் டிரைவரைத் தனியாக ஓரங்கட்டினார்.

"இவ்வளவு பகட்டுக்கு நடுவில எதை வச்சுப்பா கண்டுபிடிச்சார்?"

டிரைவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கோட்டை லாண்டரியில போட்டதே நான்தான் சார். இங்க போட்டுட்டு வர்றதுக்காக ஐயா காலையிலேருந்து அதைத்தான் கேட்டுட்டிருந்தார்."