காயாத படகில் கல்யாணப் பெண்

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு வெயிலின் மேல் அபார நம்பிக்கை. வடாமோ, மிளகாயோ, கருவாடோ, மழையில் நனைந்த ரேஷன் கார்டோ, எதுவானாலும் மொட்டை மாடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். காயாவிட்டால் நாளைக்குக் காயும். இந்த நம்பிக்கையில்தான் நான் ஒரு கல்யாணப் பெண்ணைப் படகோடு சேர்த்து ஒட்டிவைத்தேன். (நிஜமாகவே ஒட்டிவைத்தேன். பசையால்.)

கதைக்குள் போவதற்கு முன் ஒரு தகவல். நான் சிதம்பரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். இதைக் கடைசி வரை மறக்காமல் வைத்திருந்தால், என் அவமானத்தின் முழு அளவும் உங்களுக்குப் புரியும்.

படகு ஆசை யூடியூபில் தொற்றியது. ஏதோ குளிர் தேசத்தில் ஒரு தாடிக்காரர், தன் கார் ஷெட்டில், மெல்லிய மரச்சட்டங்களை வரிசையாக ஒட்டி ஒட்டி, கேனோ என்கிற ஒல்லியான துடுப்புப் படகைச் செய்துகொண்டிருந்தார். நடுநடுவே காபி குடித்தார். அவர் குடித்த நிதானத்தைப் பார்த்து வேலை சுலபம் என்று நினைத்துவிட்டேன். கோடை விடுமுறை தொடங்கியதும் மரவாடிக்குப் போய் மலைவேம்பு மரத்தை ரீப்பர் ரீப்பராக, மெல்லிய நீளச் சட்டங்களாக அறுத்து வாங்கி வந்து, மாடியில் தகர ஷெட்டுக்குக் கீழே இறக்கினேன்.

"என்னா டீச்சர், பந்தல் போடப் போறியா?" என்றார் என் வீட்டுக்காரர். உரக்கடை வைத்திருக்கிறார். கிண்டல் செய்யும்போது மட்டும் என்னை டீச்சர் என்பார்.

"படகு செய்யப் போறேன் மாமா."

"சரி. வெள்ளம் வந்தா ஒதவும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

பிளைவுட்டில் வெட்டிய அச்சுகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் ஒவ்வொரு ரீப்பராக வளைத்து ஒட்டினேன். ஒட்டியது காயும் வரை பிடித்துக்கொள்ள அந்தத் தாடிக்காரரிடம் கிளாம்புகள் இருந்தன. என்னிடம் துணி கிளிப்புகள் இருந்தன. அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டுத் துணிகள் கொடியிலிருந்து பறந்து பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் விழுந்துகொண்டிருந்தன. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த தூள் இட்லி மாவு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. (இட்லி நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நாள் மட்டும் வேம்பு வாசனை.)

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி தினேஷுக்குப் பண்ருட்டியில் பெண் அமைந்தது. பெண்ணின் பெயர் கௌசல்யா. நாத்தனார் டீச்சராமே, ரொம்பக் கண்டிப்பாமே என்று பெண்ணின் அம்மா யாரிடமோ விசாரித்ததாக எனக்குக் காதில் விழுந்தது. அது எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்கள் பக்கத்தில் தாலி கட்டும்போது முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும். பயந்து நடுங்கும் கழுத்தில் போய் முடிச்சுப் போட எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

எனவே பெண் வீட்டாரிடம் வாயை விட்டேன். "போட்டோ ஷூட்டுக்கு வாடகைப் படகெல்லாம் வேண்டாம். என் கையால செஞ்ச படகு இருக்குது!"

இருக்குது என்று சொன்னேனே தவிர, இரண்டு இருக்கைகளுக்கும் கடைசிப் பூச்சு பாக்கி. மரத்தின் மேல் எபாக்சி என்கிற பிசினைப் பூச வேண்டும். அதில் ஹார்டனரைச் சரியான அளவில் கலந்தால்தான் அது இறுகும். முன்பு படகின் வெளிப்பக்கத்துக்குச் சரியாகத்தான் கலந்து பூசியிருந்தேன். பாதி பூசுவதற்குள் மே மாத வெயிலில், கலந்து வைத்திருந்த பிளாஸ்டிக் மக்கே புகைந்து, உள்ளே இருந்தது கல்லாகி, மக் இளகிச் சப்பிப்போயிற்று. அந்தப் பயத்தில் இருக்கைகளுக்குப் பூசும்போது ஹார்டனரைக் குறைத்தேன். குழம்பில் காரம் ஜாஸ்தியானால் அடுத்த தடவை மிளகாய்த்தூளைக் குறைப்போமே, அந்தக் கணக்கு.

"டப்பாவுல அளவு போட்டிருக்கும், அதப் படி" என்றார் வீட்டுக்காரர். பூச்சி மருந்தை இஷ்டத்துக்குக் கலக்குகிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர் அவர்.

"எல்லாம் படிச்சாச்சி. மீதிய வெயில் பாத்துக்கும்."

வெயில் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. எபாக்சி காய்வது தண்ணீர் காய்வது போல அல்ல, அது ஒரு வேதிவினை, ஹார்டனர் இல்லாவிட்டால் அக்னி நட்சத்திரமே வந்து உட்கார்ந்தாலும் நடக்காது. இதை நான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். ஆனால் மாடியில் நின்றபோது எனக்குள் இருந்த வேதியியல் ஆசிரியை விடுமுறையில் போயிருந்தாள், வடாம் போடுகிறவள்தான் பொறுப்பில் இருந்தாள். ஷூட்டுக்கு முதல் நாள் தொட்டுப் பார்த்தால் விரல் பிசுபிசுத்தது. நான் என்ன செய்தேன்? கேரம் போர்டுப் பவுடரை எடுத்துத் தாராளமாகத் தூவி, துணியால் துடைத்தேன். வழுவழுவென்று ஆகிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கிள்ளைப் பக்கம் உப்பனாற்றங்கரைக்குப் படகைக் குட்டியானை என்கிற மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். செந்நிறமாகப் பளபளத்துக்கொண்டு தண்ணீரில் அது மிதந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நண்டு விற்கும் பெண்கள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கௌசல்யா தன் அம்மாவின் கூறைப்புடவையைக் கட்டியிருந்தாள். அரக்குப் பட்டு, கரையில் தங்க ஜரிகை மாங்காய். தம்பி பட்டு வேட்டியில். முழங்கால் ஆழத் தண்ணீரில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெயில் ஏற ஏறக் கேமராக்காரர் சிரிக்கச் சொன்னார், முறைக்கச் சொன்னார், தூரத்தில் எதையோ காட்டச் சொன்னார்.

"அண்ணா, இப்ப எழுந்து அவுங்களுக்குக் கை குடுங்க."

தம்பி எழுந்தான். வேட்டி எழவில்லை. அது இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் கோடு போட்ட டிரவுசரோடு நின்று, கம்பீரமாகக் கையை நீட்டினான். கரையில் எழுந்த சிரிப்பு தன்னைப் பற்றித்தான் என்பது அவனுக்குப் புரியவே சற்று நேரமானது.

"அக்கா!" என்று அலறினான்.

கௌசல்யா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, இந்தப் படகு என்ன உட மாட்டேங்குது."

கேமராக்காரர் நிறுத்தவே இல்லை. "அப்பிடியே இருங்க, நேச்சுரலா வருது!"

யாரோ கத்தரிக்கோல் கேட்டார்கள். கரையில் நின்றிருந்த பெண்ணின் அம்மா முன்னால் வந்தார். "கல்யாணத்துக்கு முன்னால பொண்ணு கட்டியிருக்கிற பட்டுல கத்திரி படக் கூடாது. அதுவும் என் கூறைப்புடவ." குரல் உயரவில்லை. அபசகுனம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொந்தக்காரர்கள் மீதியைச் சொல்லி முடித்துவிடுவார்கள். தம்பியின் கல்யாணத்தைப் பவுடர் போட்டுக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு.

"இருக்கை ஸ்க்ரூவுலதானே நிக்குது? கழட்டு" என்று வீட்டுக்காரர் திருப்புளியை நீட்டினார். தானே செய்ய அவருக்குக் கூச்சம். ஆகவே நான் படகுக்குள் மல்லாந்து படுத்து, கௌசல்யாவின் இருக்கைக்கு அடியில் தலையைக் கொடுத்து ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். ஸ்க்ரூவை மட்டும் மிகச் சரியாக முடுக்கியிருந்தேன்.

"மன்னிச்சிடும்மா" என்றேன், பலகையைப் பார்த்து. பலகை குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்தது.

கடைசியில் மணப்பெண் பின்பக்கம் ஒரு பலகையோடு கரையேறி, நண்டுக் கூடைகளைத் தாண்டி, வேனை நோக்கிப் பக்கவாட்டில் நடந்தாள். வேனுக்குள் புடவை மாற்றிக்கொண்டாள். புடவையும் பலகையும் ஒரே உடலாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. சம்பந்தியம்மா தேங்காயெண்ணெய் கேட்டார். பண்ருட்டிக்காரர், பலாப்பிசினுக்குச் செய்யும் வைத்தியம். எண்ணெய் விட்டு விட்டு, என்னைப் பக்கத்திலேயே விடாமல், மதியம் முழுவதும் உரித்தார். புடவை வந்துவிட்டது, கரையில் ஒரு வரிசை ஜரிகை மட்டும் பலகையோடு தங்கிவிட்டது.

"கத்திரி படல" என்றார் கடைசியில். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

கல்யாணம் நடந்தது. கெட்டிமேளம் முழங்க, தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நகர்ந்தான். நான் குனிந்து இரண்டாவதைப் போட்டேன், மூன்றாவதையும் இறுக்கினேன். கௌசல்யா தலையைக் குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அண்ணி, இது காஞ்சிடுச்சா?"

அன்றைக்குப் படகில் அவள் அழவில்லை, சிரித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாண வீடியோவில் பாருங்கள், எல்லோரும் அட்சதை போடுகிற இடத்தில் ஒரு டீச்சர் மணப்பெண்ணின் முதுகில் முகத்தைப் புதைத்துக் குலுங்குவாள். ஆனந்தக் கண்ணீர் என்று கேமராக்காரர் அங்கே ஸ்லோ மோஷன் போட்டிருக்கிறார்.

இருக்கைப் பலகைகள் இரண்டையும் சுரண்டி, சரியான அளவில் கலந்து மறுபடி பூசினேன். ஜரிகையை மட்டும் எடுக்க மனம் வரவில்லை, பூச்சுக்கு அடியில் மாங்காய்கள் இன்னும் மின்னுகின்றன. தம்பியும் கௌசல்யாவும் வரும்போதெல்லாம் அந்தப் படகில்தான் போகிறார்கள். போன மாதம் சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். "வாங்க, உக்காருங்க" என்று புது சோபாவைக் காட்டினேன். குனிந்து, ஆள்காட்டி விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தார். விரலைத் திருப்பியும் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

அது துணி சோபா.