நாலாம் அத்தியாயத்திலிருந்து அப்பா எங்கே போகிறார்?

இளையோர் சாகச நாவல் வரிசையின் பதிப்பாசிரியர் அவர்களின் மேலான பார்வைக்கு, ஓய்வுபெற்ற தண்ணீர் மீட்டர் ஆள் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

இங்கே நான் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அதற்குத் தங்கள் ஒன்பதாவது நாவலே காரணம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களும், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பிள்ளையைக் குன்றின்மேல் முதுகு காட்டி நிற்கவைக்கும் ஓவியரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். தங்களை எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் இவ்வளவு நீளமாக எழுதலாமா என்று யோசித்தேன். தெரிந்தவர்கள் எல்லாரும் நான் ஆரம்பித்தவுடன் அடுப்பில் எதையோ வைத்திருப்பதாகச் சொல்லிப் போய்விடுகிறார்கள். ஆகவே தங்களிடம் வந்தேன்.

முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். எங்கள் தெருவில் இன்றைக்கும் எனக்கு மீட்டர்காரர் என்றுதான் பெயர். எனக்கு ஒரே மகள், வயது பத்தொன்பது. அவளுக்கு ஒன்பது வயதாகும்போது என் மனைவி காலமானாள். தங்கள் நாவல்களில் நாயகனின் தாய் ஐந்தாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை என்பதைக் கவனித்தேன். அந்த விஷயத்தில் தங்களுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. தகப்பன்மாரும் மூன்று அத்தியாயத்துக்குள் கடலில் மூழ்கிவிடுகிறார்கள், அல்லது சுரங்கத்தில் அகப்பட்டுக்கொள்கிறார்கள், ஒன்றும் தோன்றாவிட்டால் சும்மா காணாமல் போகிறார்கள். நான் மட்டும் முறை தவறி இன்னும் இருக்கிறேன். இப்படி இருந்து தொலைக்கிற தகப்பன் என்ன செய்ய வேண்டும் என்று தங்கள் இருபத்துமூன்று நாவல்களில் ஒரு வரி கிடையாது. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மகள் ஐந்து மாதம் முன்பு வேலைக்குப் போனாள். ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய தூரத்தில் கண்ணாடி பாட்டில் செய்கிற தொழிற்சாலை. அவள் வேலை என்னவென்றால், வெள்ளை வெளிச்சம் போட்ட ஒரு பலகைக்கு எதிரே நின்று, வரிசையாக நகர்ந்து வருகிற பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கீறல் உள்ளது, குமிழ் உள்ளது, வாய் கோணினது எதுவானாலும் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். எட்டு மணி நேரம். அவள் போன மறுநாள் அவள் அறையைப் பெருக்கப் போனேன். பெருக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் அவளே பெருக்கிவிட்டுத்தான் போயிருந்தாள். அலமாரியில் தங்கள் வரிசை முழுசாக நின்றது. பள்ளிக்கூட நாட்களில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டே அவற்றைப் படிப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு பக்கம், ஒரே பக்கம் என்று ஒரு மணி நேரம் ஓட்டுவாள். அப்படி இதில் என்னதான் இருக்கிறது என்று ஒன்றை உருவினேன். அன்றைக்கு என் மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான் ஆனது.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் தொழில் புத்தி விடாது. முதல் அத்தியாயத்தில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஒரு ரீடிங், கடைசியில் எப்படி இருக்கிறான் என்று ஒரு ரீடிங் எடுத்துப் பழைய மீட்டர் அட்டைகளில் குறித்துக்கொண்டே வந்தேன். முதலில் பயந்தாங்கொள்ளி, முடிவில் ஓநாய்க் கூட்டத்தை விரட்டுகிறான். முதலில் வாய்த்துடுக்கு, முடிவில் நாலு பேருக்காகத் தன் பங்கு ரொட்டியை விட்டுக்கொடுக்கிறாள். கஷ்டம் மூன்றாம் அத்தியாயத்தில் ஆரம்பிக்கிறது. அங்கே பிள்ளை அழுகிறது, வீட்டுக்குத் திரும்பலாமா என்று நினைக்கிறது, திரும்புவதில்லை. இருபத்துமூன்றிலும் இப்படித்தான். நாலாவது புத்தகம் முடிப்பதற்குள் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. என் மகளும் கதைக்குள் போயிருக்கிறாள், அவளைத் தயார்ப்படுத்த வேண்டியது என் பொறுப்பு என்று ஒரு கயிறு, ஒரு விசில், ஒரு டார்ச், திசைகாட்டி ஒன்று, எல்லாவற்றையும் கட்டிப் பார்சல் அனுப்பினேன். கயிற்றை ஹாஸ்டல் வார்டன் பிடுங்கி வைத்துக்கொண்டு, எதற்குக் கயிறு என்று மகளை அரைமணி நேரம் விசாரித்தாராம். திசைகாட்டியைப் பற்றி மகள், “இங்க வழி தெரியாம யாரும் போறதில்லப்பா. ஹாஸ்டல்லேர்ந்து ஃபேக்டரி, ஃபேக்டரிலேர்ந்து ஹாஸ்டல். ஒரே ரோடு” என்றாள். அப்போது சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஏழாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தாள். ஹாஸ்டல் மாடிப்படியில் நின்றுதான் பேசுவாள், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அறையில் இருக்கும் மற்ற மூன்று பெண்களும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். சூப்பர்வைசர் இன்னும் அவளைப் “புதுசு” என்றுதான் கூப்பிடுகிறாராம். கண்ணை மூடினாலும் பாட்டில் போய்க்கொண்டே இருக்கிறது என்றாள். பிறகு,

“அப்பா, நான் வந்துடட்டுமா?” என்றாள்.

ஐயா, மடியில் தங்கள் ஐந்தாவது நாவல் திறந்தபடி கிடந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இது மூணாவது அத்தியாயம்தாம்மா. இங்க திரும்பிட்டா கதையே இல்ல.”

மாடிப்படியில் யாரோ வாளியோடு இறங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் “சரிப்பா” என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் வருகிறது. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, கதவைப் பூட்டினீர்களா. நான் கேட்டால் நல்லா இருக்கேன். வேலை எப்படி, நல்லா இருக்கு. அந்தப் பெண்கள் எப்படி, நல்லா இருக்காங்க. மூன்றரை நிமிடம். ஐயா, என் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஆள் இருக்கிற வீட்டில், அடுப்பு எரிகிற வீட்டில், போன மாதமும் இந்த மாதமும் ரீடிங் ஒன்றாகவே இருந்தால் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. மீட்டர் சிக்கிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் முள் அசையும். போனை எங்கே தட்டுவது? தங்கள் புத்தகத்தைப் பார்த்தால் அவள் வளர்ந்துவிட்டாள் என்கிறது. எனக்கென்னவோ சிக்கிக்கொண்டுவிட்டாள் என்று படுகிறது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன, அதுதான் என் கஷ்டம்.

பிள்ளையைக் கஷ்டப்படு என்று சொல்லிவிட்டு நான் மட்டும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை என்று தோன்றி, நாமும் கொஞ்சம் பட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன். தங்கள் பிள்ளைகள் இரண்டு நாள் அன்ன ஆகாரமில்லாமல் காட்டைக் கடக்கிறார்கள். நான் காலை பத்தரை வரை தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் சர்க்கரை மாத்திரை என்னை விடவில்லை. அடுத்தது, விசுவாசமான மிருகம். கழுகோ குதிரையோ நம் வசதிக்கு ஒத்துவராது என்று டீக்கடை வாசலில் படுத்திருந்த நாய்க்கு ஒன்பது நாள் பிஸ்கட் போட்டு, அதனிடம் நாலு வார்த்தையும் பேசி வந்தேன். பத்தாம் நாள் அது பக்கத்து வீட்டு டெய்லர் பின்னால் போய்விட்டது. அவர் அதற்கு முட்டை வாங்கிப் போட்டிருக்கிறார். இப்போதும் என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. நான் பேசினதுதான் காரணம் என்று டெய்லர் அபிப்பிராயப்படுகிறார்.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டேன். மாற்றுச் சாவி மகளிடம் இருக்கிறது. பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். ஆனால் தங்கள் ஒன்பதாவது நாவலில் அந்தப் பெண் கோட்டைச் சுவரில் ஏறி ஜன்னல் வழியாக நுழைகிறாளே, அதை முந்தின நாள்தான் முடித்திருந்தேன். தண்ணீர்க் குழாய்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற தெம்பில் பின்பக்கக் குழாயைப் பிடித்து ஏறி, மாடி ஜன்னலுக்குக் கீழே இருக்கிற சிமெண்ட் சன்ஷேடு வரைக்கும் போய்விட்டேன். அதற்கு மேலும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். தெருவில் எனக்குத் தெரிந்தவர்கள் பலர் போனார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, எனக்கும் கூப்பிட வெட்கமாக இருந்தது. கடைசியில் துணி காயப்போட வந்த டெய்லர் மனைவி பார்த்துவிட்டு ஏணி கொண்டுவந்தார். ஏணியின் கடைசி இரண்டு படி இல்லை என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. முழங்காலில் எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே அந்தம்மா, “பொண்ணு போனதுலேர்ந்து இப்படித்தான் இருக்கீங்களாண்ணா?” என்று கேட்டார். பெண் நன்றாக இருக்கிறாள் என்றேன். “பொண்ண நான் கேக்கல” என்றார். அடுப்பில் எதையோ வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீடு அப்போதும் பூட்டித்தான் இருந்தது.

இதனால் நான் வளர்ந்தேனா என்றால் இல்லை. முழங்கால்தான் இரண்டு சுற்று வளர்ந்திருக்கிறது.

ஆகவே தங்களிடம் என் புகார்கள். தாங்கள் எழுதவைக்கிற கஷ்டத்துக்கெல்லாம் பல் இருக்கிறது, இல்லாவிட்டால் தாடி இருக்கிறது. ஓநாயை விரட்டலாம், கொள்ளைக்காரனை ஏமாற்றலாம். என் மகளின் கஷ்டத்துக்கு முகமே இல்லை. அது பாட்டில். அதை ஜெயிப்பது எப்படி? ஒரு பாட்டிலை ஜெயித்தால் அடுத்தது வந்து நிற்கிறது. இரண்டாவது, பதினாலாவது நாவலின் முடிவில் ஒரு தகப்பன் நரைத்த தலையோடு திரும்பி வருகிறார். மகன் கட்டிக்கொள்கிறான், இரண்டே வரி. நடுவில் நூற்றெண்பது பக்கம் அந்த மனுஷன் எங்கே இருந்தார்? தனக்குத்தானே டீ போட்டு ஒரு டம்ளரை மட்டும் கழுவிக் கவிழ்த்தாரா? போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரா? அதையெல்லாம் எழுதினால் புத்தகம் விற்காது என்பது எனக்கும் தெரியும். மூன்றாவதுதான் முக்கியம். எல்லா நாவலும் ‘அவன் இப்போது பழைய சிறுவன் அல்ல’ என்று முடிகிறது, ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. யாருக்கு நல்ல சேதி? எனக்குப் பழைய பெண் போதும் ஐயா. ஒரு பக்கம், ஒரே பக்கம் என்று சொல்கிற பெண். அவள் மூன்றாம் அத்தியாயத்தில் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து, நாலு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு, வேண்டுமானால் மறுபடி போகட்டும். அப்படி வந்துபோன பிள்ளையும் ஆளாகிறது என்று ஒரே ஒரு நாவல் தங்களிடம் இருந்தால் அதன் பெயரை எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒன்று எழுதவையுங்கள். அதுவரை இந்த இருபத்துமூன்றையும் கட்டித் தங்கள் விலாசத்துக்கே திருப்பி அனுப்புவதாக உத்தேசம்.

பத்து நாளில் பதில் வேண்டும். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று தங்கள் நாவல்களில் எந்தத் தகப்பனும் சொல்லிக் காட்டவில்லை.

தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும், திடமான முழங்கால்களும் வாய்க்கட்டும். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் அவர்களை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள வாசகன்,
மீட்டர்காரர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது. இன்றைக்கே ஞாயிறு என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் சாப்பிட்டீர்களா என்று ஆரம்பிப்பதற்குள் முந்திக்கொண்டு, “வந்துடும்மா. அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன். வந்துடு” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் வெகுநேரம் அழுதாள். நானும்தான். அப்புறம், “அன்னைக்கு நான் வர்றதுக்காகக் கேக்கலப்பா. நீங்க வான்னு சொல்லணும்னுதான் கேட்டேன்” என்றாள். அப்படியானால் வரவில்லையா என்றேன். வரவில்லையாம், இன்னும் ஒரு மாதத்துக்கு லீவு கிடையாதாம். “நீங்க வாங்க. எனக்கு உங்களப் பாக்கணும்” என்றாள். ஐயா, அறுபத்தொரு வயதில் நான் இந்த ஊர் எல்லையைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லை. எந்த பஸ், எங்கே மாறுவது, என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எல்லாம் முடிந்து மணியைப் பார்த்தால் நாற்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது. புத்தகங்களை அனுப்பவில்லை, வழியில் படிக்க இரண்டு எடுத்துக்கொள்கிறேன். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் மட்டும் இந்தக் கடிதத்தைப் போடுகிறேன். பதில் எழுத வேண்டாம். நாளைக் காலையிலிருந்து வீட்டில் ஆள் இருக்காது.