நரிக்கு இரண்டு குறைவு

எப்போதும் தூறிக்கொண்டே இருக்கும் ஒரு காட்டில், நாலு பக்கமும் கடல், நடுவில் மரங்கள், ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு வரிசை. எந்தக் காடு என்று என்னைக் கேட்காதீர்கள். மிதித்தவனிடம் மிதிபட்டவனே மன்னிப்புக் கேட்கும் காடு, எது நடந்தாலும் முதலில் தேநீர் போடும் காடு என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் ஒரே ஒருவர், அவரும் ஆமை. கூரையில் பாதி விழுந்து நாலு வருஷமாகிறது. விழுந்த இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள், அதுதான் இதுவரை நடந்த பராமரிப்பு. ஆனாலும் ஆஸ்பத்திரி ஓடியது. அதற்குக் காரணம் கூழைக்கடாக்கள். கடலுக்கு அப்பால் ஏரிகள் வற்றியபோது பறந்து வந்த பறவைகள் அவை. அலகுக்கு அடியில்தான் அவற்றுக்குப் பெரிய பை இருக்கிறதே, அதில் நோயாளியைப் படுக்க வைத்துத் தூக்கிவந்து ஆஸ்பத்திரி வரிசையில் இறக்கிவிடும். காட்டில் யாருக்கு என்ன வந்தாலும் கூழைக்கடாவைத்தான் கூப்பிடுவார்கள்.

அவற்றில் பொய்கையம்மாள் என்று ஒருவர். தன் குஞ்சைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவர். அப்போது அதற்கு இறகுகூட முளைக்கவில்லை. ஐந்து மழை, அதாவது ஐந்து வருஷம், இந்தக் காட்டில் ஒழுங்காக வேலை செய்தால் நிரந்தர இலை என்று ஒன்று கொடுப்பார்கள். அது கைக்கு வந்தால்தான் மகளை அழைத்துக்கொள்ளலாம். பொய்கையம்மாளுக்கு நாலு மழை முடிந்திருந்தது. இலைக்கான பரீட்சையும் எழுதித் தேறிவிட்டார். இந்தக் காட்டில் தூறல் எத்தனை வகை என்பது அதில் ஒரு கேள்வி. பிறந்ததிலிருந்து நனைகிறவர்களுக்கே பதில் தெரியாது, அந்தம்மா பதினாலு என்று சரியாக எழுதினார்.

அந்த வருஷம்தான் தேர்தல் வந்தது. 'எல்லோருக்கும் வளை' கழகம் என்று முயல்களின் கட்சி ஒன்று. அதன் தலைவர் செவியழகர். நல்ல முயல்தான், நான் பொய் சொல்ல மாட்டேன். அவருடைய தாத்தாவே வாழைத் தெப்பத்தில் கடலைக் கடந்து இந்தக் காட்டுக்கு வந்தவர். தெப்பத்தின் மேல் தாத்தா நிற்கிற படம் கட்சி ஆபீசில் மாலையோடு தொங்கியது. ஓட்டுக் கேட்க ஆஸ்பத்திரிக்கு வந்த செவியழகர், பொய்கையம்மாளின் அலகுப் பையில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். "இன்னும் ஒரே மழைதாம்மா. உங்க மகளை நானே கரைக்கு வந்து வரவேற்பேன்" என்றார். அந்தம்மாவுக்குப் பதில் சொல்ல முடியவில்லை, வாயில் தலைவர் இருந்தார்.

செவியழகர் ஜெயித்தார். கூரையைச் சரிசெய்யப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

அப்போதுதான் நரி வாயைத் திறந்தது. சாயங்காலமானால் ஒரு மரக்கட்டையில் கள் மொந்தையோடு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசும் நரி அது. ஆஸ்பத்திரியில் வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்று யோசித்தீர்களா என்று ஆரம்பித்தது. வரிசையில் புதுசு புதுசாக ஆளைக் கொண்டுவந்து இறக்குவது யார்? கூழைக்கடா. அது ஒரு தடவை வந்தால் வரிசையில் ஒருவர் கூடுகிறார், பத்துத் தடவை வந்தால் பத்துப் பேர் கூடுகிறார்கள். கூழைக்கடா போய்விட்டால் வரிசையும் போய்விடும். கேட்டவர்கள் ஒரு நிமிஷம் யோசித்தார்கள். கணக்கில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. இனிமேல் இலைக்குப் பன்னிரண்டு மழை ஆக்க வேண்டும் என்று நரி கோரிக்கை வைத்தது.

செவியழகர் உடனே ஆலோசகர் கீரி அளவப்பனைக் கூப்பிட்டார். அளவப்பன் கையில் எப்போதும் ஒரு அளவுகோல் இருக்கும், அபிப்பிராயம் மட்டும் இருக்காது. தேர்தலில் ஜெயிக்க வைப்பவர்கள் மரத்தில் இருப்பவர்களும் இல்லை, வளையில் இருப்பவர்களும் இல்லை, வேலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் என்று விளக்கி, தலைவரை வேலிக்கு அழைத்துப் போனார். அங்கே வெயில் வரும் என்று நம்பி வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த ஓணான்கள் நாற்பது பேர். பன்னிரண்டு மழை ஆக்கலாமா என்று அளவப்பன் கேட்டார். நாற்பது தலைகளும் மேலும் கீழும் ஆடின.

செவியழகர் ஆடிப்போனார். அவருக்குப் பெரிய காதுதான், ஆனால் அன்றைக்குக் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார். நரி சொன்னதை அப்படியே செய்தால் நமக்கும் நரிக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் கவலைப்பட்டார். அளவப்பன் அளவுகோலை நீட்டிக் காட்டினார்.

"நரி எதைச் சொன்னாலும் நாம ரெண்டு குறைச்சுச் சொல்லுவோம் தலைவரே. அந்த ரெண்டுலதான் நம்ம மிருகாபிமானமே இருக்கு."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தெளிவான கொள்கையை அவர் கட்சி அதுவரை பார்த்ததில்லை.

ஆகவே இலைக்குப் பத்து மழை என்று அறிவித்தார்கள். பொய்கையம்மாளுக்கு ஐந்தாவது மழை முடிய அப்போது பதினோரு நாள் பாக்கி. அந்தம்மா மகளுக்குச் சொல்லியனுப்பினார், இன்னும் கொஞ்சம் பொறு கண்ணு, கணக்கில் ஏதோ மாற்றம் என்று.

பத்து என்றதும் நரி இருபது என்றது. முயல் பதினெட்டு என்றது. ஒவ்வொரு தடவையும் ஓணான்களைக் கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் நாற்பது தலைகள் ஆடின. கட்சிக்குள் ஒரே ஒரு அணில் எழுந்து, தலைவரோட தாத்தாவே தெப்பத்தில் வந்தவர்தானே என்று கேட்டது. கேட்டது நியாயம் என்பதால் உடனே நடவடிக்கை எடுத்தார்கள். தாத்தா படத்தில் தெப்பத்தின் மேல் மட்டும் நீலச் சாயம் பூசினார்கள். இப்போது தாத்தா வெறும் தண்ணீரின் மேல் நிற்கிறார். அணில் விலகிப் போய்க் கிளிகளின் கட்சியில் சேர்ந்துவிட்டது. எனக்குக்கூட அப்போது நல்ல கோபம். ஆனால் கதை சொல்கிறவனுக்கு அந்தக் காட்டில் ஓட்டு இல்லையே, என்ன செய்ய.

கடைசியில் நரி கள் மொந்தையைக் கீழே வைத்துவிட்டு, இலையே கிடையாது, ஒருத்தருக்கும் ஒருபோதும் கிடையாது என்று சொல்லிவிட்டது. ஒருபோதும் என்பதில் இரண்டைக் கழிப்பது எப்படி என்று அளவப்பன் மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். நாலாம் நாள் வழி கிடைத்தது. பொய்கையம்மாளுக்கு வந்த கடிதம் இதுதான்: "வருந்துகிறோம். தங்களுக்கு இலை ஒருபோதும் கிடையாது. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் வெளியேறவும். வருந்துகிறோம்." அந்த இரண்டு வருத்தம்தான் நரியிடம் இல்லாதது.

அதே வெள்ளிக்கிழமை கடற்கரையில் புது வேலித் திறப்பு விழா. பழைய வேலியைவிட உயரமானது என்பதால் ஓணான்கள் எல்லாம் இங்கே குடிவந்திருந்தன. வேலி எவ்வளவு உயரம் என்பதைக் காடே பார்க்கட்டும் என்று அளவப்பன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். தலைவர் எல்லோர் முன்னாலும் ஓடிவந்து வேலியைத் தாண்டப் பார்க்க வேண்டும், தாண்ட முடியாமல் தோற்க வேண்டும். செவியழகர் ஓடிவந்தார், எகிறினார், பிரமாதமாகத் தோற்றார். பின்னங்கால் இரண்டாக ஒடிந்தது. கூட்டம் கைதட்டியது. விழா முடிந்ததும் எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள், வலி தாங்காமல் தலைவர் மணலில் கிடந்தார், பக்கத்தில் அளவப்பன்.

அந்த நேரத்தில் பொய்கையம்மாள் வந்தார். பறவைதானே, இருந்த இடத்திலிருந்தே பறந்து போயிருக்கலாம். ஆனால் வேலிக் கதவு வழியாக முத்திரை குத்திக்கொண்டுதான் வெளியேற வேண்டும் என்று விதி. கதவுக்கு முன்னால் அவர் ஒருவரே வரிசையாக நின்றார். உச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஒடிந்த காலைப் பார்த்ததும் அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை, மணலில் உட்கார்ந்து அலகைத் திறந்து வைத்துவிட்டார்.

"ஏறுங்க ஐயா. நேரம் போச்சுன்னா கால் கோணிக்கும். என் கடிதத்துல சாயங்காலம் வரைக்கும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, கொண்டுபோய் விட்டுடறேன்."

செவியழகர் ஏறத்தான் பார்த்தார், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். முன்னங்காலைத் தூக்கிவிட்டார். அதற்குள் அளவப்பனை ஒரு பார்வை பார்த்தார். நரியாக இருந்தால் என்ன செய்யும் என்று கேட்டார்.

"நரி ஏறவே ஏறாது தலைவரே. ரெண்டு குறைச்சுன்னா, நாம ஒடிஞ்ச காலை மட்டும் உள்ள வைக்கலாம். மத்த உடம்பு வெளியில இருக்கணும்."

அப்படிப் பறக்க முடியாது என்று பொய்கையம்மாள் பொறுமையாகச் சொன்னார். காலைத் தனியாகக் கொண்டுபோக முடியுமா என்று அளவப்பன் கேட்டார். அந்தம்மா அலகை மூடிக்கொண்டு எழுந்தார். அஞ்சு வருஷமாக அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அப்போதும் கோபமாகத் தெரியவில்லை. களைப்பாகத்தான் தெரிந்தார். வேலியில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஓணான்களை அண்ணாந்து பார்த்தார்.

"ஏங்க, நான் இங்கேயே இருக்கட்டுமா?"

நாற்பது தலைகளும் மேலும் கீழும் ஆடின.

மணலில் கிடந்த செவியழகர் அதைப் பார்த்தார். அவருடைய காது இரண்டும் மெல்ல நிமிர்ந்தன. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது, பொய்கையம்மாளேகூடக் கேட்டதில்லை. அப்புறம் ஏதோ சந்தேகம் வந்து இன்னொன்றும் கேட்டார்.

"அப்ப, போயிடட்டுமா?"

நாற்பது தலைகளும் அதே வேகத்தில் ஆடின.

இவர்கள் எதற்குமே இப்படித்தான் ஆட்டுவார்களா என்று செவியழகர் கேட்டார். ஓணான் கழுத்து அப்படி அமைந்தது தலைவரே, மூச்சு விட்டாலே ஆடும் என்றார் அளவப்பன். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றதற்கு, நாம் ஓணான்களைத்தான் கேட்டோம், ஓணான்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லையே என்று பதில் வந்தது.

கதவில் முத்திரை குத்தினார்கள். பொய்கையம்மாள் இறக்கையை விரித்தார். எழும்பிய பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்து தலைவர் தலைக்கு மேலிருந்து சொன்னார்.

"போன மழையில மட்டும் அந்த நரி என் அலகுல மூணு தடவை ஏறிச்சுங்க ஐயா. துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு."

செவியழகர் வாயைப் பிளந்தார். நரி மூன்று என்றால் அவர் தாராளமாக ஒரு தடவை ஏறியிருக்கலாம், கொள்கைக்கும் பங்கமில்லை. அம்மா, நில்லுங்கள், ஏறுகிறேன் என்று கத்தினார். அந்தம்மா அதற்குள் கடலுக்கு மேல் ஒரு புள்ளியாகிவிட்டார்.

அக்கரையில் மகள் நன்றாக வளர்ந்து, தானே மீன் பிடிக்கிற அளவுக்கு ஆகியிருந்தாள். எதிரில் வந்து இறங்கிய பறவையை யாரென்று தெரியாமல் பார்த்தாள். அடையாளம் தெரிந்து பக்கத்தில் ஓடிவந்தபோது அம்மாவின் காலை மிதித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டது பொய்கையம்மாள்தான். அதைக் கேட்டுச் சித்தி சிரித்தாள், மகளும் சிரித்தாள். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை.

இங்கே செவியழகர், அளவப்பன் கூடவே வர, மூன்று காலால் நொண்டி நொண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று. எல்லாக் கூழைக்கடாவுக்கும் அதே கடிதம் போயிருந்தது, மற்றவை முன்பே கிளம்பிவிட்டன, வழியில் தூக்கிப்போக ஒன்றுகூட இல்லை. புதருக்குப் புதர் யாராவது முனகிக்கொண்டு கிடந்தார்கள். தலைவர் ஒவ்வொருவரிடமும் வருந்துகிறேன், வருந்துகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் வரிசையே இல்லை. ஈ, காக்கைகூட இல்லை. உள்ளே ஆமை டாக்டர் வாளியில் விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாலு நாளில் நீங்கள்தான் முதல் ஆள் என்று சந்தோஷமாக வரவேற்றார். கால் கோணலாகவே கூடிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் சொன்னார்.

செவியழகர் அதைக் காதில் வாங்கவில்லை. காலியாகக் கிடந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அளவப்பா, எழுதிக்கோ. வரிசையை ஒழிச்சிட்டோம்."

அதே சாயங்காலம் நரியும் மரக்கட்டையிலிருந்து, வரிசை போய்விடும் என்று நான்தான் முதலில் சொன்னேன் என்றது. இருவரில் யார் சொல்வது சரி என்று ஓணான்களைக் கேட்டார்கள். முடிவு உங்களுக்கே தெரியும். அடுத்த தேர்தலில் நரியின் பேச்சு பிடித்தவர்கள் நரிக்கே ஓட்டுப் போட்டார்கள், பிடிக்காதவர்கள் கிளிகளுக்குப் போட்டார்கள், புதருக்குள் கிடந்தவர்களால் ஓட்டுப் போட வர முடியவில்லை. செவியழகர் தோற்றார். கடைசி வரை கொள்கை பிசகாமல், நரியைவிட இரண்டே ஓட்டு குறைவாக வாங்கியிருந்தார்.

நீதி: ஆஸ்பத்திரி வரிசை நீளமாக இருந்தால், நோயாளியைத் தூக்கி வருகிறவரை ஊரைவிட்டு அனுப்பிவிடுங்கள், வரிசை தானே போய்விடும். காலை ஒடித்துக்கொள்ள நினைப்பவர்கள் மட்டும், நரி எத்தனை தடவை ஏறியது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு ஒடித்துக்கொள்ளவும்.